'பண்ணு'வை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

டவுன்லோட் பண்ணு, அட்டாச் பண்ணு, ஃபார்வர்ட் பண்ணு, பிளாக் பண்ணு. கணினி, கைபேசி, தகவல் பரிமாற்றம் சார்ந்த ஆங்கில வினைகளில் பாதி நம் வாயில் தினமும் புழங்குபவைதான். ஆனால் தமிழில் காலம் காட்டும் வேலையை 'பண்ணு' பார்த்துக்கொள்கிறது: பண்ணினேன், பண்ணுகிறேன், பண்ணுவேன். ஆங்கிலத்தில் அந்தத் துணை கிடையாது. அதனால்தான் 'ஐ டவுன்லோட் தி ஃபைல் யெஸ்டர்டே' என்று வந்து விழுகிறது.

படி 1: உங்கள் சொற்களை எழுதுங்கள்

அகராதியைத் திறக்க வேண்டாம். இன்று கைபேசியில் செய்ததையெல்லாம் 'பண்ணு' போட்டு எழுதுங்கள். பத்துப் பதினைந்து சொற்கள் சுலபமாகத் தேறும்.

படி 2: இறந்தகாலம் சேருங்கள்

புதிதாக வரும் தொழில்நுட்ப வினைகள் பெரும்பாலும் ஒழுங்கானவை. கடைசியில் 'ஈடி' சேர்த்தால் போதும். 'கூகுள்' 2006-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் வினையாகச் சேர்ந்தது. அதற்கும் இறந்தகாலம் 'கூகுள்ட்' தான்.

உச்சரிப்பில் மட்டும் கவனம் தேவை. சொல் ட ஒலியில் முடிந்தால் ஓர் அசை கூடும்: அப்லோடட், டெக்ஸ்டட், அப்டேட்டட். மற்றவற்றில் கூடாது: டைப்ட், க்ளிக்ட், இமெயில்ட். 'டைப்பெட்' என்று நீட்டுவது தவறு.

பழைய வினைகளைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். சென்ட் என்பதன் இறந்தகாலமும் நம் எழுத்தில் சென்ட் தான். ஆங்கில எழுத்தில் send என்பது sent ஆகும். ரீசெட் மாறாது.

படி 3: இரண்டு சொல் வினைகள்

லாக் இன், பேக் அப், ஸ்விட்ச் ஆஃப், ஹேங் அப். இவற்றில் காலம் முதல் சொல்லில்தான் ஏறும்: லாக்ட் இன், பேக்ட் அப், ஹங் அப். ஸ்விட்ச் ஆஃப், பேக் அப் போன்றவற்றோடு 'இட்', 'தெம்' வந்தால் அது நடுவில் உட்காரும். 'ஸ்விட்ச் இட் ஆஃப்' சரி, 'ஸ்விட்ச் ஆஃப் இட்' தவறு.

படி 4: 'க்கு'வைக் கண்காணியுங்கள்

உண்மையான சிக்கல் இங்கேதான். 'அவருக்கு கால் பண்ணினேன்' என்று தமிழில் நினைத்தால், அந்த 'க்கு' ஆங்கிலத்திலும் 'டு' கேட்கும். 'ஐ கால்ட் டு ஹிம்' பிறந்துவிடும். சரியானது 'ஐ கால்ட் ஹிம்'. 'இதைப் பற்றி டிஸ்கஸ் பண்ணலாம்' என்பதிலுள்ள 'பற்றி' அப்படியே 'டிஸ்கஸ் அபவுட்' ஆகிறது. 'லெட்ஸ் டிஸ்கஸ் இட்' போதும். இன்ஃபார்ம், டெக்ஸ்ட், இமெயில், மெசேஜ் ஆகியவற்றுக்கும் ஆளைச் சொல்ல 'டு' வேண்டாம்: 'டெக்ஸ்ட் மீ', 'ஐ இன்ஃபார்ம்ட் ஹர்'.

இதற்கு நேர்மாறாக ரிப்ளை, எக்ஸ்ப்ளெயின் இரண்டும் 'டு' இல்லாமல் ஆளிடம் போகாது. 'ரிப்ளை மீ' இல்லை, 'ரிப்ளை டு மீ'. 'எக்ஸ்ப்ளெயின் மீ' இல்லை, 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ'. எனவே எந்த வினையையும் தனியாக எழுதி வைக்காதீர்கள்; பின்னால் ஓர் ஆளையும் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

படி 5: ஏமாற்றும் சொற்கள்

'சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு' என்பதை 'ஹேங்ட்' என்றால் கணினியைத் தூக்கில் போட்டதாக அர்த்தம்! 'தி கம்ப்யூட்டர் ஃப்ரோஸ்' என்பதே இயல்பு. 'ரிவர்ட்' என்பதைப் பதில் தருவதற்கு இந்திய அலுவலக ஆங்கிலத்தில் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். பிற நாட்டவர் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. 'ஐ வில் கெட் பேக் டு யூ' எல்லோருக்கும் புரியும்.

படி 6: ஒரே செய்தி, மூன்று காலம்

சரி, இப்போது எழுதிப் பாருங்கள்: 'ஐ அப்லோடட் தி ஃபோட்டோஸ், பட் தி ஆப் க்ராஷ்ட், ஸோ ஐ இமெயில்ட் தெம் டு ஹர்.' இங்கே மட்டும் 'டு' எப்படி வந்தது? மின்னஞ்சலில் போகும் பொருள் 'தெம்' முதலில் வந்துவிட்டதால், ஆளுக்கு முன் 'டு' தேவைப்படுகிறது. அப்புறம் இதே செய்தியை நாளை செய்யப்போவதாகவும், தினமும் நடப்பதாகவும் மாற்றி எழுதுங்கள். முடித்ததும் வாய்விட்டுப் படித்து, 'ஈடி' ஒலிகளையும் 'டு'க்களையும் மட்டும் சரிபாருங்கள்.