பித்தப்பை ஆபரேஷனுக்குப் பின் தோள் வலியா? ஓமத் தண்ணீர் உதவாது

லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பித்தப்பையை எடுத்த மறுநாள், என் அத்தை வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "கேஸ்தான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். எங்கள் வீட்டில் கேஸ் என்றால் வாயுத் தொல்லைதான். ஓமத் தண்ணீர், சீரகக் கஷாயம், சோடா என எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். தோள் வலி குறையவே இல்லை.

டாக்டர் சொன்ன கேஸ் வேறு. கருவிகளை உள்ளே விட்டு வேலை செய்ய இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றறையில், குடலுக்கு வெளியே, கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் அதை வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளுக்கு வரும் சில நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால், உள்ளே உள்ள உறுத்தல் தோள் வலியாகத் தெரிகிறது. இந்த வாயு ஏப்பமாக வராது. ரத்தத்தில் கலந்து, மூச்சு வழியாகத்தான் வெளியேறும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதுவரை மெல்ல நடப்பதும், உட்காரும்போது வலி கூடினால் சற்று நேரம் மல்லாந்து படுப்பதும் உதவும்.

துளை போட்ட இடத்து வலி தனி. வழக்கமாக நான்கு துளைகள். அவற்றில் தொப்புள் பக்கம் உள்ளது பலருக்கு அதிகம் வலிக்கும். அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. "வலியே இல்லையே, மாத்திரை எதுக்கு?" என்று விட்டுவிடுவது இங்கேதான். ஊசியின் வேகம் இறங்கும்போது நடு ராத்திரியாக இருக்கும். முற்றிவிட்ட வலியை அடக்குவது கடினம், அதனால் முதல் ஓரிரு நாள் எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடுவதே நல்லது. இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். சாதாரண விஷயம்தான், ஆனால் நிஜமாகவே வலி குறையும்.

அடுத்தது ஒப்பீடு. "பக்கத்து பெட்காரருக்கு முதுகில் ஊசி போட்டாங்களாம், எனக்கு வெறும் பாராசிட்டமாலா?" என்று மனம் நொந்துபோகிறவர்கள் உண்டு. இந்த ஆபரேஷனுக்குப் பாராசிட்டமால், டைக்ளோபினாக் போன்ற ஒரு வலி மாத்திரை, துளைகளில் மரப்பு ஊசி, இவற்றோடு ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து என்பதுதான் ஆய்வுகளை அலசிப் பரிந்துரை தரும் புராஸ்பெக்ட் மருத்துவக் குழு சொல்லும் அடிப்படை. நரம்பை மரக்கச் செய்யும் ஊசிகள், அதிக வலி வர வாய்ப்புள்ளவர்களுக்கு. டிரமடால் போன்ற ஓபியாய்டுகள், அதாவது அபின் வகையைச் சேர்ந்த வீரியமான வலி மருந்துகள், இவற்றுக்கும் அடங்காத வலிக்கு மட்டும். குமட்டலும் தலைசுற்றலும் மலச்சிக்கலும் கூடவே வரும். தையல் போட்ட வயிற்றோடு முக்குவது எவ்வளவு கொடுமை என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வீட்டு அலமாரி. பல வலி மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதோடு தனியாக ஒரு 650 போட்டால் கணக்குத் தப்பிவிடும். எல்லாம் சேர்த்துப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. உடல் மெலிந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. டைக்ளோபினாக்கோடு ஐபுப்ரோஃபெனைச் சேர்த்தால் நிவாரணம் அதிகமாகாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும்தான் கூடும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்த வகை மாத்திரைகளை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். குறைந்த வலி மீண்டும் ஏறினாலோ, காய்ச்சல், வாந்தி, வயிறு உப்புதல், கண்ணில் மஞ்சள் தெரிந்தாலோ, பித்தநீர் கசிகிறதோ என்று பார்த்தாக வேண்டும். தோள் வலியோடு மூச்சுத்திணறலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் 'கேஸ்தான்' என்று படுத்திருக்காதீர்கள். இன்னொரு மாத்திரை போட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.