கை-ஸ்கொயர் போடும் முன் எதிர்பார்ப்பு எண்ணைப் பாருங்கள்

இரண்டு வகைப்பாட்டு மாறிகளுக்கு (பாலினம், ஊர் போல வகைகளாகப் பிரியும் விவரங்களுக்கு) தொடர்பு உண்டா என்று கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை போடும் பலரும் நேராக பி-மதிப்புக்கு (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்புக்கு) தாவிவிடுகிறார்கள். முதலில் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிர்பார்ப்பு எண்ணை, அதாவது தொடர்பே இல்லையென்றால் அங்கே வரவேண்டிய எண்ணிக்கையைப் பாருங்கள். வரிசைக் கூட்டுத்தொகையை நெடுவரிசைக் கூட்டுத்தொகையால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். வரிசையில் 20, நெடுவரிசையில் 15, மொத்தம் 100 என்றால் வருவது 3. இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் இப்படி 5-க்குக் கீழே இறங்கினால் சிறிய எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனைதான் பாதுகாப்பு. எதிர்பார்ப்பு எண் போதுமான அளவு இருந்தால், தரவில் உள்ள எண் சிறியதாக இருப்பது பிரச்சினையே இல்லை.

அப்புறம், சதவீதங்களை உள்ளே கொடுக்கவே கொடுக்காதீர்கள். 50 பேரைக் கேட்டிருந்தாலும் 5,000 பேரைக் கேட்டிருந்தாலும், மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று கொடுத்தால், சோதனை 100 பேர் என்றே எடுத்துக்கொள்ளும். தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு 0 முதல் 1 வரை போகும் கிராமர் வி மதிப்பைப் பாருங்கள். பி-மதிப்பு அதைச் சொல்லாது.