லோங்கெய் நகரில் குடியேறுவது எப்படி: மொன்றியலுக்கு எதிர்க்கரையில் ஒரு பிரெஞ்சு மொழிப் புறநகர்

மொன்றியலில் வேலை கிடைத்து வருபவர்களும், அங்கே சிறிய வாடகை வீட்டில் நெருக்கிக்கொண்டு இருப்பவர்களும் சற்று விசாலமான இடம் தேடத் தொடங்கும்போது அடிபடும் பெயர்களுள் ஒன்று லோங்கெய். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில், மொன்றியல் தீவுக்கு நேர் எதிரே இருக்கும் இந்நகரத்தில், 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,54,000 பேர் வாழ்கிறார்கள். மெட்ரோவில் ஏறினால் சில நிமிடங்களில் மொன்றியலின் நடுப்பகுதிக்குப் போய்விடலாம் என்பதால் பலரும் இதை மொன்றியலின் இன்னொரு பேட்டையாகவே எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தோடு வந்தால் சிரமம்தான். மொன்றியலின் மேற்குப் பகுதிகளில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் காலம் தள்ளிவிட முடியும். ஆற்றைக் கடந்ததும் கடை, பள்ளிக்கூடம், நகராட்சி அலுவலகம், பக்கத்து வீடு என எல்லாம் பிரெஞ்சில் இயங்குகின்றன. ஆகவே, ஆற்றை எந்த வழியாகக் கடக்கப் போகிறோம், பிரெஞ்சை எப்போது தொடங்கப் போகிறோம் என்ற இரண்டையும் முடிவு செய்துகொண்ட பிறகு வீடு தேடுவதே நல்லது.

ஊரின் அமைப்பு

1657-இல் சார்ல் லெ மொய்ன் என்பவருக்கு வழங்கப்பட்ட நிலமானியத்திலிருந்து வளர்ந்த ஊர் இது. சேன்-ஷார்ல் தெருவையும் அதில் நிற்கும் சேன்-அந்துவான்-தெ-பாது இணைப் பேராலயத்தையும் சுற்றியுள்ள பழைய பகுதியில் இன்றும் அந்தத் தொன்மையின் சாயல் இருக்கிறது. ஆனால் இன்றைய நகரம் பல ஊர்களின் தொகுப்பு. 1969-இல் ழாக்-கார்த்தியே என்ற உழைக்கும் மக்களின் நகரம் இதனோடு இணைந்தது. 2002-இல் கியூபெக் மாகாண அரசு தென்கரை ஊர்கள் பலவற்றை ஒரே நகராட்சியாக்கியது. மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் 2006-இல் பூஷேர்வீல், புரொசார், சேன்-லாம்பேர், சேன்-புரூனோ ஆகியவை மீண்டும் பிரிந்து சென்றன. காவல், தீயணைப்பு போன்ற சில பணிகளை மட்டும் இவ்வூர்கள் இன்றும் கூட்டாக நடத்துகின்றன. இந்த வரலாற்றால் குடியேறுபவருக்குப் பயன் உண்டு: விளம்பரத்தில் "லோங்கெய் பகுதி" என்று போட்டிருக்கும் வீடு உண்மையில் புரொசாரில் இருக்கக்கூடும், அப்போது நகராட்சி வரியும் குப்பை எடுக்கும் நாளும் நூலக அட்டையும் வேறாகிவிடும். எனவே முகவரி எந்த நகராட்சியைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

லோங்கெய்க்குள் மூன்று பெருநகர்ப் பிரிவுகள் உள்ளன. வியூ-லோங்கெய் மெட்ரோவுக்கும் பழைய நகருக்கும் அருகில் இருப்பதால் கார் இல்லாதவர்களுக்கு ஏற்றது. சேன்-உய்பேர் பரந்து விரிந்த, தனி வீடுகள் நிறைந்த பகுதி. விமான நிலையமும் கனடிய விண்வெளி நிறுவனத்தின் தலைமையகமும் அங்கே இருக்கின்றன. கிரீன்ஃபீல்டு பார்க் சிறியது, இருமொழித் தகுதி பெற்றது, ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்வது. பிரெஞ்சு அறவே தெரியாமல் வருபவர்கள் அதை ஒரு படிக்கட்டாகக் கொள்ளலாம். ஆனால் அங்கேயும் மாகாணத்தின் மொழிச் சட்டங்கள் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. தாஷெரோ பெருஞ்சாலையைப் பார்த்துவிட்டு ஊரே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது வாகனக் கடைகளும் வணிக வளாகங்களும் வரிசை கட்டிய, நடப்பவருக்கு இடமே வைக்காத சாலை. அதிலிருந்து இரண்டு தெரு உள்ளே நுழைந்தால் மரங்கள் சூழ்ந்த அமைதியான குடியிருப்புகள் வந்துவிடும்.

ஆற்றைக் கடப்பது

மொன்றியல் மெட்ரோவின் மஞ்சள் தடம் 1967-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை ஒட்டித் திறக்கப்பட்டது. அதில் இருப்பவை மூன்றே நிலையங்கள்: லோங்கெய்–ஷேர்புரூக் பல்கலைக்கழகம், ழான்-திராப்போ, பெரி-யுகாம். கடைசி நிலையத்தில் இறங்கினால் மற்ற இரண்டு முக்கியத் தடங்களுக்கும் மாறிக்கொள்ளலாம். பயணச்சீட்டில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 2022 முதல் பெருநகரப் பகுதி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொன்றியல் தீவு ஏ மண்டலம், லோங்கெய் பி மண்டலம். தீவுக்குள் மட்டும் செல்லும் சீட்டை ஓபஸ் என்ற பயண அட்டையில் ஏற்றிக்கொண்டால் இந்தப் பயணத்துக்கு அது செல்லாது. இரு மண்டலங்களுக்கும் பொருந்தும் சீட்டே வேண்டும். நகருக்குள் ஓடும் பேருந்துகளை லோங்கெய் போக்குவரத்து நிறுவனம் நடத்துகிறது. அவற்றுள் பல மெட்ரோ நிலையத்தில் வந்து சேர்கின்றன. சில, புரொசாரில் 2023-இல் திறக்கப்பட்ட இலகு ரயிலின் பனாமா நிலையத்துக்குச் செல்கின்றன. வீட்டைப் பார்க்கப் போகும்போது காரில் போகாமல், வேலைநாள் ஒன்றில் காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை பேருந்திலும் மெட்ரோவிலும் போய்ப் பாருங்கள். வீட்டு உரிமையாளர் சொல்லும் "இருபது நிமிடம்" எங்கிருந்து எங்கே வரை என்பது அப்போது விளங்கிவிடும்.

காரில் செல்பவர்களுக்கு 1930-இல் திறந்த ழாக்-கார்த்தியே பாலம், சேன்-லாம்பேரிலிருந்து செல்லும் விக்டோரியா பாலம், 2019-இல் புதிதாகக் கட்டி முடித்த சாம்ப்ளேன் பாலம், கிழக்கே லா ஃபோன்தேன் சுரங்கச் சாலை என நான்கு வழிகள் உண்டு. சுரங்கச் சாலையில் 2022 முதல் பெரும் பழுதுபார்ப்பு நடந்துவருவதால் கிழக்கு மொன்றியலில் வேலை செய்பவர்கள் அதை நம்பி வீடு எடுக்கும் முன் நிலவரத்தை விசாரிக்க வேண்டும். கோடையில் வாணவேடிக்கை நடக்கும் இரவுகளில் ழாக்-கார்த்தியே பாலத்தைக் கார்களுக்கு மூடிவிடுவார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வாடகை வீடும் ஒப்பந்தமும்

கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30-இல் முடிந்து ஜூலை 1-இல் தொடங்குகின்றன. அன்று ஊரே பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்கும். சரக்கு வண்டி கிடைப்பது அரிது. நல்ல வீடு வேண்டுமானால் பிப்ரவரி, மார்ச்சிலேயே தேடத் தொடங்க வேண்டும். விளம்பரங்களில் வீடுகள் மூன்றரை, நான்கரை, ஐந்தரை என்று குறிக்கப்படும். இதில் அரை என்பது குளியலறை, மற்றவை சமையலறை, கூடம் உட்பட எல்லா அறைகளும் சேர்ந்த எண்ணிக்கை. ஆகவே நான்கரை என்றால் பொதுவாக இரண்டு படுக்கையறை. வாடகையோடு வெப்பமூட்டலும் சுடுநீரும் சேர்த்தியா என்று கேட்பது கட்டாயம். பல வீடுகளில் மின்வெப்பமே இருப்பதால், ஜனவரி மாத மின்கட்டணம் தனியாக வரும்போது மலிவாகத் தெரிந்த வாடகை மலிவாக இருக்காது.

ஒப்பந்தம் வீட்டுவசதித் தீர்ப்பாயத்தின் அதிகாரப்பூர்வப் படிவத்தில் எழுதப்பட வேண்டும். வேறு மாகாணங்களிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாத சில உரிமைகள் இங்கே உண்டு. முன்பணம் என்ற பெயரில் வைப்புத்தொகை கேட்க வீட்டு உரிமையாளருக்கு உரிமை இல்லை; முதல் மாத வாடகையை மட்டுமே முன்கூட்டிக் கோரலாம். முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த வீட்டுக்கு வசூலித்த மிகக் குறைந்த வாடகையைப் படிவத்தின் 'ஜி' பகுதியில் அவர் எழுதித் தர வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கையொப்பமிடும் முன் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஓராண்டு ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும். வாடகையை உயர்த்த விரும்பும் உரிமையாளர் ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். குடியிருப்பவர் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பதில் தராமல் இருந்தால் உயர்வை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். உயர்வை மறுத்துவிட்டு அதே வீட்டில் தொடரவும் முடியும். அப்போது தீர்ப்பாயத்தை நாட வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. அண்மையில் கட்டிய கட்டடங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் இந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்காமல் போகலாம். அதைப் படிவத்தின் 'எஃப்' பகுதி சொல்லும். இந்த இரண்டு பகுதிகளையும் படிக்காமல் கையெழுத்திடுவதைவிட இன்னும் ஒரு வாரம் நண்பர் வீட்டில் தங்குவது மேல்.

பிரெஞ்சை எங்கே தொடங்குவது

2022-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, ஒருவர் கியூபெக்குக்குக் குடிவந்து ஆறு மாதங்கள் கழிந்ததும் அரசு அலுவலகங்கள் அவரோடு பொதுவாகப் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும். மருத்துவம், பொதுப் பாதுகாப்பு, நீதி சார்ந்த தேவைகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆறு மாதம் என்பது வீடு, பள்ளி, வேலை என்று ஓடுவதற்குள் கரைந்துவிடும். எனவே வந்த முதல் வாரத்திலேயே, 2023-இல் தொடங்கப்பட்ட ஃபிரான்சிசாசியோன் கியூபெக் அமைப்பில் இணையவழியாகப் பதிவு செய்துவிடுவது அறிவுடைமை. வகுப்புகள் இலவசம், முழுநேரம், பகுதிநேரம், இணையவழி என மூன்று வகையிலும் உண்டு, முழுநேரத்தில் படிப்பவர்களுள் தகுதியுடையோருக்கு உதவித்தொகையும் கிடைக்கும். காத்திருப்பு நீளலாம் என்பதால் இடம் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். நகராட்சி நூலகங்களில் சிறுவர் நூல்களையும் ஒலிநூல்களையும் எடுத்துப் படிப்பது, பாடநூலில் இல்லாத கியூபெக் உச்சரிப்புக்குக் காதைப் பழக்கும். பாரிஸ் உச்சரிப்பில் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வருபவர்கள்கூட இங்கே முதல் மாதத்தில் திணறுவது வழக்கம்.

கடையிலும் அலுவலகத்திலும் முதலில் "போன்ழூர்" என்று வணங்கிவிட்டுப் பிறகு கேட்பதைக் கேளுங்கள். நேரே ஆங்கிலத்தில் கேள்வியைத் தொடங்குவது இங்கே மரியாதைக் குறைவாகப் படும். உடைந்த பிரெஞ்சில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் எதிரில் இருப்பவரின் முகமே மலரும். உங்கள் தடுமாற்றத்தைக் கண்டு அவர்களே ஆங்கிலத்துக்கு மாறினால், பிரெஞ்சிலேயே தொடரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு வேகத்தைக் குறைத்துப் பேசுவார்கள். இந்த வாய்ப்பு மொன்றியலின் நடுப்பகுதியைவிட லோங்கெயில் அதிகம் கிடைக்கிறது என்பதே, என் கணிப்பில், இந்த ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கான மிக வலுவான காரணம்.

பிள்ளைகளின் பள்ளி

1977-ஆம் ஆண்டு மொழிச் சாசனத்தின்படி, அரசுப் பள்ளியில் உயர்நிலை முடியும்வரை பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்க வேண்டும். தாயோ தந்தையோ தொடக்கக் கல்வியின் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் படித்திருந்தால் விலக்குச் சான்றிதழ் கோரலாம். சென்னையிலோ கொழும்பிலோ ஆங்கில வழியில் படித்தது இதற்குக் கணக்கில் வராது. தற்காலிக அனுமதியில் வருபவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் விலக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிக்காது. ஆகவே ஆங்கிலப் பள்ளியைத் தற்காலிக ஏற்பாடாக வைத்துப் பிறகு மாற்றுவதைவிட, முதல் நாளிலிருந்தே பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ப்பது பிள்ளைக்குச் சுமை குறைவு. லோங்கெயின் பிரெஞ்சு அரசுப் பள்ளிகளை மாரி-விக்தோரேன் பள்ளிச் சேவை மையம் நடத்துகிறது. மொழி தெரியாத பிள்ளைகளுக்கு வரவேற்பு வகுப்புகள் உண்டு. சிறிது காலத்தில் அவர்கள் வழக்கமான வகுப்புக்கு மாறிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழையும் முகவரிச் சான்றுகளையும் கையில் வைத்திருங்கள். தொடக்கக் கல்வி ஆறு ஆண்டு, உயர்நிலை ஐந்து ஆண்டு, அதன் பின் செஜெப் என்ற கல்லூரி. இங்குள்ள எதுவார்-மோன்பெத்தி செஜெப்பின் கீழ், சேன்-உய்பேரில் தேசிய விமானத் தொழில்நுட்பப் பள்ளி இயங்குகிறது. பிராட் அண்டு விட்னி கனடாவின் தலைமையகமும் இந்நகரிலேயே இருப்பதால், இயந்திரங்களில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது நல்ல இடம். பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு மானியக் காப்பகத்தில் இடம் கிடைப்பது கடினம். கருவுற்றிருக்கும்போதே காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதுபவர்கள் உண்டு.

உடல்நலம், வண்டி, பனி

மாகாணத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கு வந்தவுடன் பதிவு செய்ய வேண்டும். பொதுவாக மூன்று மாதம் வரை காத்திருப்பு உண்டு என்பதால் அக்காலத்துக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவர் கிடைக்கும்வரை 811 என்ற எண்ணில் செவிலியரிடம் ஆலோசனை கேட்கலாம். பெரிய மருத்துவமனைகள் இரண்டு: பியேர்-பூஷே, கிரீன்ஃபீல்டு பார்க்கில் உள்ள சார்ல்-லெ மொய்ன்.

வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதங்களே பயன்படுத்தலாம். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்புவது லோங்கெயில் அனுமதிக்கப்பட்டது, மொன்றியல் தீவுக்குள் தடை செய்யப்பட்டது. பாலத்தைக் கடந்ததும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர்கள் கட்டாயம். அக்டோபரிலேயே நாள் குறித்துப் பணிமனையில் பதிந்துகொள்ளாவிட்டால் நவம்பர் கடைசியில் வரிசையில் நிற்க நேரும். பனி அள்ளும் இரவுகளில் தெருவில் வண்டி நிறுத்தத் தடை வரும். அந்த அறிவிப்புகளை நகராட்சி பிரெஞ்சில் வெளியிடுகிறது, தவறினால் வண்டியை இழுத்துச் செல்வதும் அபராதமும் உண்டு. வீட்டுக்கெனத் தனி நிறுத்துமிடம் இருக்கிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.