ஓய்வு பெற்ற பந்தய கிரேஹவுண்டுக்குக் குடற்புழு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பந்தயத்திலிருந்து வீட்டுக்கு வரும் கிரேஹவுண்ட் நாயின் வயிற்றில் கொக்கிப்புழு இருப்பது சாதாரணம். அதில் பதற ஒன்றுமில்லை. ஒரு வேளை மருந்தோடு அது போய்விடும் என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த நாய்கள் பிறந்து வளர்வது மணல் பரப்பிய ஓட்டத் தளங்களில். கொக்கிப்புழுவின் இளம்புழுக்களுக்கு வெதுவெதுப்பான ஈர மணல் மிகவும் பிடித்த இடம். அவை வாய் வழியாகவும் பாதத் தோலைத் துளைத்தும் உள்ளே போகும், தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் இறங்கும். பண்ணைகளில் பல தலைமுறைகளாக அதே மருந்துகளை அடிக்கடி கொடுத்து வந்ததால், ஃபென்பெண்டசோல், பைரான்டெல், மில்பெமைசின் போன்ற மூன்று வகை மருந்துகளையும் தாங்கும் கொக்கிப்புழுக்கள் கிரேஹவுண்டுகளில் உருவாகிவிட்டன. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் இதை வெளியிட்டார்கள். ஃப்ளோரிடாவில் 2020 இறுதியோடு பந்தயம் நின்றுபோனாலும், அங்கிருந்து தத்துப்போன நாய்களோடு புழுக்களும் பல மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

தத்துக் கொடுப்பவர்கள் 'புழு மருந்து கொடுத்தாயிற்று' என்று எழுதித் தருவார்கள். அது பொய்யாக இருக்காது. ஆனால் எந்த மருந்து, எந்தத் தேதி, எந்த எடைக்கு என்று கேட்டு வாங்குங்கள். அது தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

முட்டை திரும்பத் தெரிந்தால் அதே மருந்தை மறுபடி கொடுப்பது

மருந்துக்குப் பிறகும் மலத்தில் முட்டை தெரிய மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்று, புழு மருந்தை எதிர்த்து நிற்கிறது. இரண்டு, தசைக்குள் உறங்கிக் கிடந்த இளம்புழுக்கள், குடலில் இருந்த பெரிய புழுக்கள் செத்ததும் விழித்து அந்தக் காலி இடத்துக்கு வருகின்றன. மூன்று, தோட்டத்து மண்ணிலிருந்து புதிதாக ஏறுகிறது.

இவற்றைப் பிரித்தறிய 'முட்டை உண்டு' அல்லது 'இல்லை' என்ற முடிவு போதாது. ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். மருந்து கொடுக்கும் அன்று ஒரு முறை, 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு முறை. 800 இருந்தது 20 ஆனால் மருந்து வேலை செய்திருக்கிறது. 800 இருந்தது 600 ஆனால் அதே மருந்தை இன்னும் மூன்று நாள் கொடுப்பது வீண், எதிர்ப்புள்ள புழுதான் மிஞ்சிப் பெருகும். இரண்டாம் வாரம் சுத்தமாக இருந்து நான்காம் வாரம் முட்டை தெரிந்தால் உறங்கிய இளம்புழுவையோ மண்ணையோ சந்தேகிக்கலாம்.

மாதிரியில் நடக்கும் பிழைகளும் உண்டு. மலம் புதிதாக இருக்க வேண்டும், மண் ஒட்டாத மேல்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வெயிலில் காரில் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை தப்பாகும். நாய்க்கு மற்ற நாய்களின் மலத்தைத் தின்னும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தின்ற முட்டை அப்படியே வெளிவந்து, இல்லாத புழுவை இருப்பதாகக் காட்டும்.

பவுண்டையும் கிலோவையும் குழப்புவது

ஃபென்பெண்டசோல் அளவு கிலோவுக்கு 50 மி.கி., நாளுக்கு ஒரு முறை, மூன்று நாள் தொடர்ந்து, உணவோடு. 30 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 1500 மி.கி. 10 சதவீதத் திரவமாக இருந்தால் 15 மி.லி. இதைப் பவுண்டில் இருக்கும் எடையோடு குழப்பினால் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிசகும். குறைந்த அளவில் போனால் எதிர்ப்புள்ள புழுவை நீங்களே வளர்ப்பதுதான். எடையைக் கண்ணால் மதிக்காமல் தராசில் நிறுத்துங்கள்.

எதிர்ப்புள்ள புழுவுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் ஃபென்பெண்டசோல், பைரான்டெல், மாக்ஸிடெக்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள், மாதாமாதம் தொடர்வார்கள். அதுவும் பலிக்காதபோது, பூனைக்கான புழு மருந்தில் இருக்கும் எமோடெப்சைட் பக்கம் போவார்கள். அங்கே பூனைக்கான மருந்தை வாங்கி நாய்க்குத் தானே ஊற்றும் வேலை வேண்டாம். இதயப்புழு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும், அளவும் மருத்துவர் போட வேண்டும். குதிரைக்கும் மாட்டுக்குமான ஐவர்மெக்டினைப் பிரித்துக் கொடுப்பதும் இதே ரகம்தான்.

இரத்த அறிக்கையில் 'நார்மல்' என்று பார்த்துத் திருப்தி அடைவது

கொக்கிப்புழு இரத்தம் குடிக்கும் புழு. பொதுவான நாய்க்கு இரத்தத்தில் சிவப்பணுப் பங்கு 40 சதவீதம் இருந்தால் சரி. கிரேஹவுண்டுக்கு இயல்பாகவே அது 50-க்கு மேல், 60 வரையும் இருக்கும். எனவே ஆய்வகம் 40 என்று போட்டு எந்தக் குறியும் வைக்காமல் விட்டாலும் உங்கள் நாய்க்கு இரத்தம் குறைந்திருக்கலாம். தார் போன்ற கருத்த மலம், வெளிறிய ஈறு, ஓட மனமில்லாத சோர்வு ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்றாலே புழு என்று முடிவு கட்டவும் வேண்டாம். பண்ணையில் பச்சை இறைச்சி தின்று வளர்ந்த நாய்க்கு ஒரே நாளில் உலர் தீவனம் வைத்தால் கலங்கத்தான் செய்யும். 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள்.

மற்ற புழுக்களைப் பற்றி இரண்டு சொல். மலத்தில் அரிசிமணி போல் தெரிவது தெள்ளுப்பூச்சி வழி வரும் நாடாப்புழு. ஃபென்பெண்டசோல் அதைக் கொல்லாது, பிரசிகுவாண்டெல் வேண்டும், தெள்ளையும் ஒழிக்க வேண்டும். சாட்டைப்புழு முட்டையிடத் தொடங்கவே சுமார் மூன்று மாதம் ஆகும், இட்டாலும் விட்டு விட்டு இடும். ஆகவே ஒரு முறை பார்த்து 'இல்லை' என்று வந்ததை முழுதாக நம்பாமல், மறு பரிசோதனை செய்யுங்கள்.

தோட்டத்தை மறப்பது கடைசித் தவறு. முட்டை மண்ணில் விழுந்து ஒரு வாரம் போல் கழிந்தால் தொற்றும் இளம்புழு தயார். எனவே மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். வாரக் கடைசியில் மொத்தமாக அள்ளலாம் என்பது இங்கே ஒத்துவராது. மணல், சரளைத் தளத்தில் செடி இல்லையென்றால் 2 சதுர மீட்டருக்கு 1 கிலோ வெண்காரம் (போராக்ஸ்) தூவலாம், இளம்புழு சாகும். தூவிய இடத்தில் புல் முளைக்காது, நாயையும் விடக்கூடாது. அந்த மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் மனிதர் தோலிலும் இந்த இளம்புழு நுழைந்து, அரிப்போடு வளைந்து நெளிந்து ஓடும் சிவந்த கோடு போடும். குழந்தைகளுக்குச் செருப்பு கட்டாயம்.