மூன்று சீட்டு: வேகம்தான் முதல் தவறு

தெருவோரத்தில் ஆட்களிடம் பணம் பிடுங்க ஆடும் ஆட்டம்தான் மூன்று சீட்டு. அதையே மேஜிக்காகச் செய்துகாட்டப் பழகுகிறவர்களும் உண்டு. ஒரு சிவப்பு ராணி, இரண்டு கறுப்புச் சீட்டு, அவ்வளவுதான் சாமான். மூன்றையும் கவிழ்த்துக் கலைத்துப் போட்டதும், ராணி எது என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். பழகுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வேகத்தில்.

படபடவென்று கலைத்துப் போட்டால் பார்ப்பவர் ராணியைத் தொலைத்துவிடுவார், சரி. ஆனால் "எனக்கென்ன தெரியும், குத்துமதிப்பாகச் சொன்னேன்" என்று போய்விடுவார். மெதுவாகப் போட்டால்தான் "இதேதான்" என்று அடித்துச் சொல்வார். அந்த நம்பிக்கை உடைவதில்தான் வித்தையே இருக்கிறது.

சூட்சுமம் ஒரே ஒரு வீச்சில். வலது கையில் இரண்டு சீட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. கீழே இருக்கும் ராணியைக் காட்டிவிட்டுக் கவிழ்த்து வீசுகிறோம். கீழ்ச்சீட்டு விழுகிறது என்று பார்ப்பவர் எண்ணுவார், விழுவது மேல்சீட்டு. இந்தப் பொய் வீச்சை மட்டும் ஆயிரம் தடவை பழகிவிட்டு, நிஜ வீச்சைப் பழகாமல் விடுவது அடுத்த தவறு. இரண்டும் ஒரே மாதிரி தெரியாவிட்டால் குட்டு உடைந்துவிடும். சீட்டுகளை நீளவாக்கில் லேசாக வளைத்து வைத்தால் பிடிக்கச் சுலபம்.

கைத்திறமையைக் காட்டிக்கொள்ளவும் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளிலும் ரயில்களிலும் மூன்று சீட்டு ஆடியே பேர் வாங்கிய கனடா பில் ஜோன்ஸ், விவரம் தெரியாத பட்டிக்காட்டான் போல நடிப்பாராம். சீட்டு பிடிக்கவே தெரியாதவனிடம் யாருக்குத்தான் ஜெயிக்க ஆசை வராது?

மூலை மடிக்கும் தந்திரத்தை எடுத்ததுமே செய்கிறார்கள். ராணியின் மூலை மடிந்திருப்பதைப் பார்ப்பவர் கவனிக்க வேண்டும், கடைசியில் அந்த மடிப்பு வேறொரு சீட்டில் இருக்க வேண்டும். இதைக் காட்டியபின் மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும். ஆகவே முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் ஜெயிப்பது எப்போதும், கூட்டத்தில் ஒருவன் போல நிற்கும் ஆட்டக்காரனின் கூட்டாளிதான். வீட்டு நிகழ்ச்சியில் விருந்தாளியை முதலில் ஒருமுறை ஜெயிக்க விடுங்கள், இல்லாவிட்டால் முகம் சுண்டிப்போகும். பந்தயம் வேண்டுமென்றால் மிட்டாய் போதும், ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அப்புறம், "இன்னொரு தடவை" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். என் அத்தை கேட்டுக் கேட்டு நான்கு முறை செய்துகாட்டினேன். நான்காவது முறை அவர் சீட்டையே பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.