நெல்லுக்கு உரம்: மூட்டைக் கணக்கிலும் மடையிலும் நேரும் தவறுகள்

காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 50 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. யூரியாவில் சொன்னால் 130 கிலோ. அதாவது ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) ஏறக்குறைய ஒரு 45 கிலோ மூட்டை, குறுவை முழுவதற்கும் சேர்த்து.

இந்தக் கணக்கிலேயே முதல் தவறு நுழைந்துவிடுகிறது. நடவுக்கு முன் அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) போட்டவர், அதை மணிச்சத்துக் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்கிறார். 50 கிலோ டி.ஏ.பி.யில் 9 கிலோ தழைச்சத்தும் இருக்கிறது. ஆகவே யூரியாவில் சுமார் 20 கிலோவைக் கழித்திருக்க வேண்டும். கழிப்பவர்கள் குறைவு. யூரியா மலிவாகக் கிடைப்பதால் கணக்குப் பார்க்கத் தோன்றுவதில்லை. அதற்கான விலையைப் பிறகு புகையான் பூச்சிக்கும் குலை நோய்க்கும் மருந்து அடிக்கும்போது கொடுக்கிறோம். கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாய்ந்துவிட்டால் அந்த நஷ்டம் தனி.

அளவைவிடப் பெரிய தவறு தண்ணீரில் நடக்கிறது. முழங்கால் உயரப் பயிரில் தண்ணீர் தளும்ப நிற்க, மடை திறந்தே கிடக்க, யூரியாவை வீசிவிட்டுக் கரையேறுகிறார்கள். கரைந்த உரத்தில் ஒரு பகுதி அடுத்த வயலுக்குப் போகிறது. தேங்கிய நீரில் பாசி இருந்தால் பகலில் அந்த நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். தண்ணீரை வடித்து, மண் சேறாக இருக்கும்போது உரமிட்டு, ஒரு நாள் கழித்து நீர் கட்டுவதே சரி. காயவிட்டுப் பாய்ச்சும் முறையைக் கடைப்பிடிப்பவர்களுக்கு இன்னும் எளிது: மடை திறப்பதற்குச் சற்று முன்பாக, காய்ந்த வயலில் போட்டால் தண்ணீரோடு உரமும் மண்ணுக்குள் இறங்கும். சம்பாவில் வானம் இருட்டியிருக்கும்போது, வளரும் பயிருக்கு மேலுரம் இடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேலுரத்தை நாள்காட்டியைப் பார்த்தே போடுவதும் வீண். பக்கத்து வயல்காரர் போட்டார் என்பதற்காகப் போடுவது அதைவிட மோசம். பச்சை நிறத்தின் அளவுகளை எண்ணிட்டுக் காட்டும் இலை வண்ண அட்டை இதற்காகத்தான் இருக்கிறது. நடவு செய்த 14ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துக் குத்துகளில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் நிறம் ஏமாற்றும். உங்கள் உடலின் நிழலில் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் ஆளாக மாறிப் பார்ப்பதும் கூடாது, ஒருவர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது இன்னொருவருக்கு வெளிர்பச்சை. பத்தில் ஆறு இலைகளாவது 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் உரமிடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அந்த எல்லை 3. இதை மறந்து பொன்னியைக் கரும்பச்சையாக்கப் பார்ப்பவர்கள், பயிரைச் சாய்க்கத்தான் உழைக்கிறார்கள்.

மஞ்சள் தெரிந்தவுடன் யூரியா மூட்டையைப் பிரிக்கும் பழக்கமும் உண்டு. தழைச்சத்துப் பற்றாக்குறையில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து சீராக வெளுக்கும். இளம் இலைகள் முதலில் மஞ்சளானால் கந்தகக் குறையாக இருக்கலாம். நட்ட இரண்டு, மூன்று வாரங்களில் வயலில் திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாகி, அடி இலைகளில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது துத்தநாகத்தை. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவலாம். அதை டி.ஏ.பி.யோடு கலக்காதீர்கள்; இரண்டும் சேர்ந்து பயிர் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடும்.

சாம்பல்சத்தில் நடப்பது வேறு வகை. நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. இயந்திரத்தால் அறுத்து, வைக்கோலைக் கட்டாகச் சுருட்டி விற்றுவிட்டு, விலை கூடுதல் என்று சாம்பல்சத்து உரமான பொட்டாஷையும் விட்டுவிட்டால் மண் ஆண்டுதோறும் இளைக்கிறது. வைக்கோலை விற்கும் வயலுக்குப் பொட்டாஷைக் குறைக்கக் கூடாது.

மண் ஆய்வு முடிவைச் சொல்லும் மண்வள அட்டையை வைத்து இதையெல்லாம் திருத்திக்கொள்ளலாம். ஆனால் 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பாசன நிலங்களுக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில்தான் மண் எடுத்தார்கள். அட்டையில் இருப்பது உங்கள் வயலின் மண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த போகத்துக்கு உரமிடும் முன், வரப்போரத்தையும் மர நிழலையும் எருக்குழியையும் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரை கிலோவை ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.