கைநாட்டு வேண்டாம் என்றவர்களிடம் ஒப்புதல் வாங்கிய விதம்

கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்களின் மூட்டுவலி பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. வலியைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டினால் மட்டும் "காயிதம் வேணாம் புள்ள" என்று கையை இழுத்துக்கொள்வார்கள். பலர், மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர். எந்த நாட்டுக்காரர் என்பதே காகிதத்தில் முடிவானவர்களுக்குக் காகிதத்தின் மேல் பயம் இருப்பதில் வியப்பில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகளில் இதற்கு வழி இருக்கிறது. நெறிமுறைக் குழு அனுமதித்தால் வாய்மொழி ஒப்புதல் வாங்கலாம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத, படித்த சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். தோட்டத்துச் சூப்பர்வைசர் தானே சாட்சிக்கு நிற்கிறேன் என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் முன்னால் யார் 'முடியாது' என்பார்கள்?

அதனால் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போட்டேன். பேட்டி தோட்டத்தில் இல்லை, மாலையில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில். ஒப்புதல் குரல்பதிவாக. பெயருக்குப் பதில் எண். சாட்சிக்கு அங்கேயே இருக்கும் கல்லூரி மாணவிகள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது. அனுமதிக் கடிதம் வரும்வரை பேட்டி எதுவும் எடுக்கவில்லை. என் ஆய்வு வழிகாட்டி முணுமுணுத்தது தனிக்கதை.

அப்புறம் வேலை ஓடியது. ஒரு பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வலிக்கு மருந்து தருவியா?" என்றார். நேரடிப் பலன் இல்லை என்ற வரி தகவல் தாளில் இருந்ததுதான். அன்றிலிருந்து அதைச் சற்று நிறுத்தி, உரக்க வாசிக்கிறேன்.